நுரைக்கிற மருந்து

நுரை வந்தால் அழுக்குப் போகிறது என்றுதான் எல்லாரும் நினைக்கிறோம். துணி சோப்பிலிருந்து வந்த பழக்கமாக இருக்கும். காயத்தில் ஹைட்ரஜன் பெராக்சைடை ஊற்றினால் வெள்ளையாகப் பொங்கி வரும். பார்ப்பவர்களுக்குத் திருப்தியாக இருக்கும். முப்பத்து மூன்று வருடம் ஆஸ்பத்திரி டிரெஸ்ஸிங் ரூமில் நின்றவள் நான். அந்தத் திருப்தியை எத்தனையோ முகங்களில் பார்த்திருக்கிறேன்.

முதலிலிருந்து சொல்லச் சொன்னீர்கள். சொல்கிறேன், மேடம். எனக்கு அவசரம் ஒன்றும் இல்லை.

பெயர் சந்திரிகா. வயது ஐம்பத்தொன்பது. கல்யாணம் ஆகவில்லை. ராஜகீழ்ப்பாக்கத்தில் என் தம்பி துளசிங்கத்தின் வீட்டு மாடியில் ஒற்றை அறையில் இருக்கிறேன். தம்பி மனைவி பச்சையம்மா மத்தியானம் ஒரு மணிக்கு டப்பாவைப் படியில் வைத்துவிட்டு, "அண்ணி, சோறு வெச்சிக்கீறேன்" என்று குரல் கொடுப்பாள். நான் கதவைத் திறப்பதற்குள் இறங்கிப் போயிருப்பாள். கெட்டவள் இல்லை. அவளுக்கு வேலை இருக்கும். ரிட்டையர் ஆன புதிதில் ஒருமுறை விரல்விட்டு எண்ணிப் பார்த்தேன். பதினேழு நாள் என் பெயரை யாரும் சொல்லியிருக்கவில்லை.

பாலாம்பாள் டீச்சர் அடுத்த தெரு. குரோம்பேட்டையில் ஒரு பெண்கள் பள்ளியில் பிளஸ் டூவுக்குக் கெமிஸ்ட்ரி எடுத்தவர். வயது எழுபத்தொன்று. கணவர் சாம்பசிவன் இறந்து நான்கு வருடம். ஒரே மகள் ரோஹிணி, புனேயில் கணவரோடும் மகள் ஸ்ம்ருதியோடும் இருக்கிறாள். டீச்சருக்கு இருபது வருடமாகச் சர்க்கரை. பாதத்தில் உணர்ச்சி கிடையாது. போன வருடம் மார்ச்சில் கால் குடைச்சல் என்று வெந்நீர்ப் பையைப் பாதத்துக்கடியில் வைத்துக்கொண்டு தூங்கிவிட்டார். சுட்டது தெரியவில்லை. காலையில் வலது பாதத்தின் வெளி ஓரத்தில் உள்ளங்கை அகலத்துக்குக் கொப்புளம் எழும்பி உடைந்திருந்தது.

டாக்டர் ஷ்யாம்சுந்தர்தான் வைத்தியம். அவருடைய கிளினிக்கில் என்னைத் தெரியும். தினமும் வீட்டுக்குப் போய்க் கட்டுக் கட்ட ஆள் வேண்டும் என்று கூப்பிட்டார். சீட்டில் எழுதியே கொடுத்தார்: உப்புநீரால் கழுவு, ஒட்டாத துணியால் மூடு, ஸ்பிரிட் வேண்டாம், பெராக்சைடு வேண்டாம்.

எனக்கு அவர் சொல்ல வேண்டியதே இல்லை. பல வருடங்களுக்கு முன் எங்கள் ஆஸ்பத்திரியில் ஒரு பெரிய டாக்டர் நர்சுகளுக்கு வகுப்பு எடுத்தார். இரண்டு கண்ணாடித் தட்டுகளின் படத்தைக் காட்டினார். ஒன்றில் கிருமி, இன்னொன்றில் தோலுக்கடியில் புதுத்தசையைக் கட்டுகிற செல்கள். இரண்டிலும் ஒரே மருந்தை விட்டார்கள். இரண்டும் செத்தன. "மருந்துக்கு ஆள் அடையாளம் தெரியாதும்மா" என்றார். புதுக் காயத்தில் மண்ணும் சாணியும் ஒட்டியிருந்தால் ஒரு தடவை ஊற்றுவது வேறு. ஆறிக்கொண்டிருக்கிற காயத்தில் தினமும் ஊற்றினால், இரவெல்லாம் உடம்பு கட்டியதைக் காலையில் இடிப்பது மாதிரி. அயோடின் மருந்தையும் நீர்க்காமல் நாள்கணக்கில் போட்டால் அப்படி ஆகலாம் என்றார். அதையெல்லாம் நான்தான் அட்டையில் எழுதி டிரெஸ்ஸிங் ரூம் சுவரில் ஒட்டினேன். என் கையெழுத்து நன்றாக இருக்கும்.

ஆகவே எனக்குத் தெரியாது என்று நான் சொல்லப் போவதில்லை.

முதல் நாள் டீச்சர், "வாங்கோ சிஸ்டர்" என்று சொல்லி ஒரு நாற்காலியைக் காட்டினார். காபி பேப்பர் கப்பில் வந்தது. மூன்றாவது வாரம் எவர்சில்வர் டம்ளரில் வந்தது. அதற்குப் பிறகு "சிஸ்டர்" போய், "சந்திரிகா, வா, உனக்காகத்தான் டிகாக்ஷன் இறக்கி வெச்சிருக்கேன்" என்று ஆயிற்று. அரை மணி நேர வேலைக்குக் காலை பத்து மணிக்குப் போனவள், ஒரு மணி வரை இருக்க ஆரம்பித்தேன். காய் நறுக்கிக் கொடுப்பேன். அவர் பேப்பரில் குறுக்கெழுத்துப் போடுவார். கட்டங்களை எண்ணிச் சொல்வது என் வேலை.

அவருடைய அலமாரியில் ஒரு பழுப்பு பாட்டில் இருந்தது. அதைக் காட்டி ஒருநாள் கேட்டார்: "எங்காத்துக்காரர் எது பட்டாலும் இதைத்தான் விடுவார். நுரைக்கறது பார், அது அழுக்கே இல்லை, தெரியுமோ? நம்ம உடம்புல கேட்டலேஸ்னு ஒரு என்சைம் இருக்கு. அது பட்டதும் பெராக்சைடு தண்ணியாவும் ஆக்ஸிஜனாவும் பிரியறது. வெறும் காத்து. முப்பது வருஷம் பொண்களுக்குச் சொல்லிக் கொடுத்தேன், ஒருத்திக்கும் ஞாபகம் இருக்காது."

"எனக்கு இருக்கும் டீச்சர்" என்றேன்.

காயம் அழகாக ஆறியது. அப்படித்தான் சொல்ல வேண்டும். அடியிலிருந்து மாதுளை முத்து மாதிரி புதுத்தசை வந்தது. ஓரத்தில் இளஞ்சிவப்பாகத் தோல் உள்ளே நகர்ந்தது. திங்கட்கிழமைதோறும் அதன்மேல் பிளாஸ்டிக் தாளை வைத்துப் பேனாவால் ஓரத்தை வரைந்து தேதி போடுவேன். ஆஸ்பத்திரிப் பழக்கம். ஏப்ரல் கடைசியில் அது ஐந்து ரூபாய் நாணயம் அளவுக்கு வந்துவிட்டது.

அந்த வாரம் ரோஹிணி போனில் பேசினாள். டீச்சர் ஸ்பீக்கரில் போட்டிருந்தார். "அம்மா, மே பதினொண்ணு டிக்கெட். புண் ஆறினதும் இங்கதான் இருக்கணும். சென்னை போதும். ஸ்ம்ருதி தன் ரூம்ல உனக்குக் கட்டில் போட இடம் பண்ணிட்டா."

போனை வைத்துவிட்டு டீச்சர் என்னைப் பார்த்தார். "பன்னெண்டு நாள்தான் இருக்கு. அதுக்குள்ள மூடிடுமா சந்திரிகா?"

"மூடிடும் டீச்சர்" என்றேன்.

அன்று ஒரு மணிக்கு மாடிக்குப் போய்ப் படியிலிருந்த டப்பாவை எடுத்துக்கொண்டு உட்கார்ந்தேன். மே பன்னிரண்டாம் தேதி பத்து மணிக்கு நான் என்ன செய்துகொண்டிருப்பேன் என்று யோசித்துப் பார்த்தேன். எதுவும் தோன்றவில்லை. அது பயமாகக்கூட இல்லை, மேடம். சும்மா ஒரு இடத்தில் ஒன்றுமே இல்லாதது போல இருந்தது.

மறுநாள் அந்தப் பழுப்பு பாட்டிலை எடுத்தேன். பழையது வீரியம் போயிருந்தது. ராஜகீழ்ப்பாக்கம் ஜங்ஷன் மெடிக்கலில் புதிதாக ஒன்று வாங்கினேன்.

"டாக்டர் வேண்டாம்னாரே?" என்று டீச்சர் கேட்டார்.

"ஒரு தடவை நல்லா கிளீன் பண்ணிடலாம் டீச்சர்."

"உனக்குத் தெரியாததா. நீ சொன்னா சரி."

நுரைத்தது. குழந்தை மாதிரி குனிந்து பார்த்தார். பாதத்தில் உணர்ச்சி இல்லாததால் வலி இல்லை. இதை மட்டும் தெளிவாக எழுதிக்கொள்ளுங்கள். என் கையால் அவருக்கு ஒருநாளும் வலித்ததில்லை.

ஐந்தாறு நாளில் சிவப்பு வெளுத்தது. ஓரம் பின்வாங்கியது. டிக்கெட்டை ரோஹிணி தள்ளி வைத்தாள்.

அதற்குப் பிறகு அது ஒரு ஒழுங்குக்கு வந்துவிட்டது. டாக்டரிடம் மூன்று வாரத்துக்கு ஒருமுறை போக வேண்டும். போவதற்கு முந்தைய எட்டு நாள் வெறும் உப்புநீர். டாக்டர் பார்க்கிற அன்று காயம் நல்ல பிள்ளையாக இருக்கும். திரும்பி வந்ததும் பெராக்சைடு. அளவு தவறக்கூடாது, அதிகமானால் புண் பெரிதாகிவிடும், பெரிதாக வேண்டும் என்று நான் ஒருபோதும் நினைத்ததில்லை. இருக்கிற அளவில் இருந்தால் போதும். பிளாஸ்டிக் தாள்களை டாக்டரிடம் காட்டும்போது நல்லதாகப் பார்த்து எடுத்துக்கொண்டு போவேன். மற்றதையும் தூக்கிப் போடவில்லை. எல்லாம் சேர்த்து முப்பத்தாறு. நான் கொண்டு வந்திருக்கிற இந்த மஞ்சள் பையில் இருக்கின்றன.

டாக்டர் குழம்பிப்போனார். நல்ல மனிதர். சர்க்கரையைப் பார்த்தார், ரத்த ஓட்டத்தைப் பார்த்தார், எல்லாம் சரியாக இருந்தது. ஒருமுறை டீச்சரை வெளியே உட்கார வைத்துவிட்டு என்னைக் கேட்டார்: "சிஸ்டர், இது ஆறி முடிஞ்சிருக்கணும். வீட்ல என்ன வெச்சு வாஷ் பண்றீங்க?"

"சலைன்தான் டாக்டர். நீங்க எழுதிக் கொடுத்ததுதான்."

"உங்க கை மேல எனக்குச் சந்தேகம் இல்ல. நீங்க பார்க்கிறதாலதான் இந்த மட்டுக்காவது இருக்கு" என்றார்.

அன்று ஆட்டோவில் திரும்பும்போது எனக்குச் சந்தோஷமாக இருந்தது. ஒருவர் நம் வேலையைப் பாராட்டினால் இருக்கத்தானே செய்யும்.

ஆகஸ்டில் என் பிறந்தநாள். எப்போதோ பேச்சுவாக்கில் தேதியைச் சொல்லியிருந்தேன் போலிருக்கிறது. போனேன், மேஜையில் சின்ன கேக் இருந்தது. டீச்சர் வீடியோ கால் போட்டிருந்தார். திரையில் ரோஹிணியும் ஸ்ம்ருதியும். மூன்று பேரும் என் பெயர் சொல்லிப் பாடினார்கள். "சந்திரிகா அக்கா, அம்மாவை நீங்க பார்த்துக்கறதாலதான் நான் இங்க நிம்மதியா வேலைக்குப் போறேன்" என்று ரோஹிணி சொன்னாள். எனக்கு அதற்கு முன் கேக் வெட்டிப் பழக்கம் இல்லை. கத்தியை எங்கே வைப்பது என்று தெரியாமல் நின்றேன். டீச்சர் என் கையைப் பிடித்து வெட்ட வைத்தார்.

பிறகு அவரை உட்கார வைத்துக் கட்டைப் பிரித்தேன். அன்றும் நுரைத்தது. அது பெராக்சைடு நாள்.

புனே போக டீச்சருக்கு இஷ்டம் இல்லை. இதை நீங்கள் ரோஹிணியிடம் சொல்ல வேண்டாம், வருத்தப்படுவாள். ஆனால் எனக்குத் தெரியும். அங்கே பாஷை தெரியாது, குளிர், மாப்பிள்ளை வீடு. அவர் வாயால் அப்படிச் சொன்னதில்லை என்பது உண்மைதான். செப்டம்பரில் ஒருநாள் அழுதார். "இந்தப் புண்ணுக்கு என் மேல என்ன கோபம் சந்திரிகா? ஸ்ம்ருதிக்குப் பத்து வயசு முடியப் போறது. அப்பறம் பாட்டி எதுக்கு அவளுக்கு?" என்றார். நான் அவர் கையைப் பிடித்துக்கொண்டேன். அழும்போது பிடித்துக்கொள்ள ஒரு கை வேண்டும். புனேயில் எல்லாரும் வேலைக்குப் போகிறவர்கள்.

நவம்பரில் மழை பிடித்துக்கொண்டது. தெருவில் முழங்கால் தண்ணீர். ஆனாலும் ஒருநாள்கூட நான் போகாமல் இருந்ததில்லை. ஒரு செவ்வாய்க்கிழமை கட்டைப் பிரித்தபோது வாசனை மாறியிருந்தது. ஓரத்தில் வீக்கம். குச்சியை வைத்தால் அடியில் கெட்டியாகத் தட்டியது. எலும்பு. அதைப் பார்த்தவுடன் டாக்டருக்குச் சொல்ல வேண்டும். சொன்னால் அன்றே அட்மிஷன் போடுவார்கள், ரோஹிணி வந்துவிடுவாள். இன்னும் ஒரு நாள் பார்க்கலாம் என்று நினைத்தேன். புதன்கிழமை டீச்சருக்குக் காய்ச்சல். கஞ்சி வைத்துக் கொடுத்துவிட்டுப் பக்கத்திலேயே இருந்தேன். வியாழக்கிழமைதான் டாக்டருக்குப் போன் செய்தேன்.

ஆம்புலன்ஸ் வேளச்சேரி ரோட்டில் போனது. பள்ளிக்கரணை தாண்டும்போது சதுப்பில் தண்ணீர் ரோடு வரைக்கும் வந்திருந்தது. டீச்சர் ஜன்னல் பக்கம் தலையைத் திருப்பி, "நிறையக் கொக்கு வந்திருக்கு பார்" என்றார். இரண்டு நாள் கழித்து முழங்காலுக்குக் கீழே காலை எடுத்துவிட்டார்கள்.

ரோஹிணி வந்தாள். ஆஸ்பத்திரி வராந்தாவில் என் தோளில் சாய்ந்து அழுதாள். "நீங்க மட்டும் டயத்துக்குக் கவனிக்கலேன்னா அம்மா உயிரே போயிருக்கும்னு டாக்டர் சொன்னார் அக்கா." அவள் முதுகைத் தடவிக் கொடுத்தேன். அவளுக்கு அப்போது ஆறுதல் தேவையாக இருந்தது.

மூன்று வாரம் இருந்தாள். அதற்கு மேல் லீவு இல்லை. "தையல் ஆறினதும் வீல்சேர்ல வெச்சு ஃபிளைட்ல கூட்டிண்டு போயிடறேன். அதுவரைக்கும் அம்மாவோட இங்கயே தங்கிடறீங்களா?" என்று கேட்டாள். என்னை ஒரு வீட்டில் தங்கச் சொல்லி யாரும் கேட்டதில்லை.

தம்பியிடம் சொன்னேன். "போறியா? சரி போ. அப்ப மேல ரூம்ல கடை சாமான் போட்டுக்கவா?" என்று கேட்டான். போட்டுக்கொள் என்றேன்.

டிசம்பர் எட்டிலிருந்து ஜனவரி இருபது வரை நான் டீச்சரோடு இருந்தேன். மேடம், நான் வாழ்ந்தது என்று சொன்னால் அந்த நாற்பத்துச் சொச்ச நாள்தான். காலையில் இரண்டு டம்ளர் காபி. மத்தியானம் ஒரே தட்டிலிருந்து இருவரும் முறுக்கு எடுப்போம். வாசலில் என் செருப்பும் அவருடைய ஒற்றைச் செருப்பும் இருக்கும். அதை எடுத்துவிடலாம் என்று சொன்னேன். "இருக்கட்டும், பார்க்க நன்னாத்தான் இருக்கு" என்றார்.

தையலைப் பிரித்தபோது எல்லாம் நன்றாகச் சேர்ந்திருந்தது. ஒரு முனையில் மட்டும் சுண்டுவிரல் நகம் அளவுக்கு வாய் பிளந்திருந்தது. "பத்து நாள்ல மூடிடும் சிஸ்டர். பொங்கலுக்கு அப்பறம் ஊருக்குப் போகட்டும்" என்றார் டாக்டர் ஷ்யாம்சுந்தர். ரோஹிணி ஜனவரி இருபத்தைந்துக்கு டிக்கெட் போட்டாள். டீச்சர் ஸ்வெட்டரை வெயிலில் காயவைக்கச் சொன்னார். தன் பெட்டியைத் தானே மடியில் வைத்துக்கொண்டு அடுக்கினார். ஸ்ம்ருதிக்கென்று ஒரு பழைய சோதனைக் குழாயைத் துணியில் சுற்றி நடுவில் வைத்தார். அன்று குறுக்கெழுத்துப் போடவில்லை.

நீங்கள் கேட்க நினைப்பது எனக்குப் புரிகிறது. ஆமாம். காலை எடுத்த பிறகும் நான் நிறுத்தவில்லை. அன்று சாயங்காலம் அதே பாட்டிலைத்தான் திறந்தேன்.

அவர் ஒன்றும் கேட்கவில்லை. நுரையைப் பார்த்து, "வெறும் ஆக்ஸிஜன்" என்றார். எனக்குக் கேட்டலேஸ் என்ற பெயர் ஞாபகம் இருக்கிறதா என்று சோதித்தார். இருந்தது.

பதினெட்டாம் தேதி நடுக்கம் வந்தது. இந்தத் தடவை நான் தாமதிக்கவில்லை, உடனே சொன்னேன். ஆனால் அவர் உடம்பில் அதற்கு மேல் தெம்பு இல்லை. ஸ்ட்ரெச்சரில் ஏற்றும்போது என் முந்தானையைப் பிடித்து இழுத்து, "ரோஹிணிகிட்ட சொல்லு. ரெண்டு நாள் லேட்டாத்தான் வரேன்னு" என்றார். இருபதாம் தேதி காலை இறந்துபோனார். சர்க்கரை நோயின் பின்விளைவு என்று எழுதினார்கள். அது பொய்யும் இல்லை.

காரியங்கள் முடியும் வரை ரோஹிணி இருந்தாள். நானும் அவளோடு அங்கேயே இருந்தேன். சாயங்காலங்களில் இருவரும் டீச்சரைப் பற்றிப் பேசுவோம். சின்ன வயதில் தான் முழங்காலில் அடிபட்டு வந்தால் அப்பா நுரை மருந்து போடுவதையும், அம்மா பக்கத்தில் நின்று பாடம் எடுப்பதையும் சொல்லிச் சிரித்தாள். பிறகு அழுதாள். நான் காபி போட்டுக் கொடுத்தேன். கிளம்புகிற அன்று, "ஒவ்வொரு ஞாயித்துக்கிழமையும் போன் பண்றேன் அக்கா. இனிமே எனக்கு இங்க நீங்கதான்" என்றாள்.

செய்தாள். நான்கு ஞாயிறு. ஐந்தாவது ஞாயிறு ஒரு மெசேஜ் வந்தது. அதற்குப் பிறகு இல்லை. நானாகக் கூப்பிட்டேன். மீட்டிங்கில் இருக்கிறேன், அப்புறம் பேசுகிறேன் என்றாள். வீட்டை விற்க ஆள் பார்த்துவிட்டதாகவும், சாவியை அவரிடம் கொடுத்துவிடும்படியும் எழுதியிருந்தாள். கொடுத்துவிட்டேன். மாடியில் என் அறையில் பெயிண்ட் டப்பாக்களும் பைப்புகளும் இருக்கின்றன. ஒரு மூலையை ஒதுக்கிப் படுத்துக்கொள்கிறேன். டப்பா ஒரு மணிக்கு வருகிறது.

இதுவரை யாரும் என்னைச் சந்தேகப்படவில்லை. டாக்டர் இன்னொரு வீட்டுக்குக்கூட என்னைச் சிபாரிசு செய்தார். நான் போகவில்லை. டீச்சர் இடத்தில் இன்னொருவரை வைத்துப் பார்க்க எனக்கு மனம் வரவில்லை. நானாகத்தான் இந்த ஸ்டேஷனுக்கு வந்தேன். மனசாட்சி என்று நீங்கள் எழுதிக்கொண்டால் எனக்கு ஆட்சேபம் இல்லை.

பாலாம்பாள் டீச்சரின் காயத்தை ஆறவிடாமல் செய்தது நான். அவர் கால் போனதற்கும் உயிர் போனதற்கும் நான் காரணம். தெரிந்தே செய்தேன். யாரும் தூண்டவில்லை.

சட்டம் எனக்கு அதிகம் தெரியாது. ரோஹிணியும் வாக்குமூலம் கொடுக்க வர வேண்டியிருக்கும், இல்லையா? கோர்ட்டுக்கும் வர வேண்டும். வாய்தா மேல் வாய்தா போடுவார்கள் என்று கேள்விப்பட்டிருக்கிறேன். தம்பியின் நிலத் தகராறு பதினோரு வருடம் நடந்தது. ஒவ்வொரு தடவையும் அவள் வருவாள். நானும் வருவேன். கோபமாகத்தான் இருப்பாள், முதலில் அப்படித்தான் இருக்கும். ஆனால் அம்மாவைப் பற்றிப் பேச இந்த ஊரில் அவளுக்கு என்னை விட்டால் யார் இருக்கிறார்கள்.

எங்கே கையெழுத்துப் போட வேண்டும் என்று காட்டுங்கள், மேடம். அவளுக்குப் போன் செய்யும்போது, எந்தத் தேதியில் வருகிறாள் என்று மட்டும் கேட்டுச் சொல்லுங்கள்.